மேலிருந்து கீழாக

காலண்டர் தாளைக் கிழித்து
பின்பக்கத்தில் எழுதினேன்:
முதல் ஞாயிறு பரண்.
அடுத்த ஞாயிறு அடுப்படி.
மூன்றாவது, பீரோவும் மற்றதும்.
போகிக்குள் முடிய வேண்டும்.
தூசி கீழ்நோக்கித்தான் விழும்,
ஆகவே மேலிருந்து தொடங்க வேண்டும்.
முன்பக்கத்தில் என் ராசிக்கு ‘வரவு’ என்றும்
இவருக்கு ‘நிதானம்’ என்றும் போட்டிருந்தது.
இவருக்கு வருஷம் முழுக்க அதையே போடலாம்.

வில்லாபுரம் ஹவுசிங் போர்டில்
ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர்.
குக்கர் வரைக்கும் பிடித்து வைத்தேன்.
விளக்குத்தூண் போய்
ஒட்டடைக்கம்பு, பிளீச்சிங் பவுடர்,
தேங்காய் நார் ஒரு கட்டு,
இவருக்கு மாஸ்க்.
தும்ம ஆரம்பித்தால் பதினொன்றில்தான் நிற்பார்.
எண்ணிக்கொண்டே வேலை பார்ப்பேன்.

பரணில் ஓடாத டேபிள் ஃபேன்.
அதற்கு உதிரி எடுக்கலாமென்று வாங்கின
இன்னொரு ஓடாத ஃபேன்.
கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டு பதினேழு,
ஒவ்வொன்றிலும் வெட்டிய ஒரு பெயர்.
இரண்டு பேர் யாரென்றே தெரியவில்லை.
“இருக்கட்டும்” என்றார்.
ஃபேனுக்கும் அதே பதில்.
இந்த வீட்டில் அந்தச் சொல்தான்
அதிக இடத்தை அடைத்திருக்கிறது என்றேன்.
ஏழாவது தும்மலில் இருந்தார்.

அடுப்படி ஞாயிறைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.
எண்ணெய்ப் பிசுக்கு. கரப்பான். திரும்பவும் பிசுக்கு.
அசைன்மென்ட் என்று மொட்டைமாடிக்குப் போன கனிஷ்கா
பொழுது சாய இறங்கி வந்து
“நம்ம டைல்ஸ் மஞ்சள் இல்லையாம்மா?” என்றாள்.

மூன்றாம் ஞாயிறு.
காலி செய்தால்தான் பீரோ நகரும்.
மேல்தட்டில் விரித்திருந்த பேப்பரை உருவினேன்.
நாலாய் மடித்தபடி விழுந்தது
ரோஸ் நிறத்தில் ஓர் இரண்டாயிரம்.

வைத்த கை என் கைதான்.
பத்திரமாய் இருக்கட்டும் என்று.

அன்றைக்கு எனக்கு அது ஞாபகமே வரவில்லை.
இவர் சட்டைப் பையில் வைத்ததாகவே தோன்றியது.
சட்டை தேய்க்கப் போயிருந்தது.
வேப்பமரத்தடி வண்டிக்காரர் சோணைமுத்து
பையை வெளியே இழுத்துக் காட்டினார்.
மாட்டு நாக்கு மாதிரி தொங்கியது.
“நல்லாப் பாருங்க தாயீ.”
“பாத்தாச்சு” என்றேன்.
அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை,
இத்தனை நாள் அதுதான் என் சமாதானம்.
ஆனால் மறுநாளே துணியை வேறு கடைக்கு மாற்றினேன்.
ஏன் என்று மாடிப்படியில் கேட்டவர்களுக்கு
ஏன் என்று சொன்னேன்.
நாலு பிளாக்குக்கும் மாடிப்படி உண்டு.
சித்திரைக்குள் மரத்தடியில் வண்டி இல்லை.

நோட்டு இப்போது எந்தக் கடையிலும் செல்லாது.
மாற்ற சென்னைக்குப் போக வேண்டுமாம்.
“இருக்கட்—” என்று ஆரம்பித்தவர்
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
பீரோ பாதி நகர்ந்த நிலையில்
அன்றிரவு அப்படியே கிடந்தது.

போகியன்று பாய்களை எரிக்கக் கூடாதென்று
மாநகராட்சி வண்டி மைக்கில் சொல்லிப் போனது.
நிலைக்கு மேலே வேப்பிலை, ஆவாரை, பூளைப்பூ
சேர்த்துக் காப்புக் கட்டினேன்.
இவர் சட்டை நாலை எடுத்துக்கொண்டு
அவனியாபுரம் பஸ் ஏறினேன்.
மறுநாள் மாட்டுக்கு அங்கே
தெருவை மறித்துக் கம்பு கட்டிக்கொண்டிருந்தார்கள்.
பெரியாஸ்பத்திரி மருந்துக்கடை முதல்
டீக்கடை வரை விசாரித்து,
கடைசியில் ஒரு சந்தில்,
அதே வண்டி, வேறு தார்ப்பாய்.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம்
நாக்கு வரை வந்தது.
அவர் சட்டைகளை எண்ணினார்.
என்னை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை,
தெரியாத மாதிரியும் இல்லை.
பெட்டியைத் தொடுமுன்
ஒவ்வொரு பையிலும் கைவிட்டு
வெளியே இழுத்து
என் பக்கம் காட்டிவிட்டு
உள்ளே தள்ளினார்.
நாலு தடவை.
வருகிற எல்லாருக்கும் அப்படித்தான் போல.
பழகின கை.

“எப்ப வேணும்?” என்றார்.
நிற்கிறேன் என்றேன்.